மாசியில் திருப்பிக் கேட்பவர்

அவரிடமிருந்து ஏதாவது வாங்கியவர்கள் எல்லோரும் அதைத் திருப்பிக் கொடுத்தவர்கள்தான். மேட்டூரில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸில், அவர் குரோஷா ஊசியால் பின்னிய பொருள் இல்லாத வீடு கிடையாது. தண்ணீர்ப் பானைக்கு மூடி, ரேடியோவுக்கு உறை, ஜன்னல் திரைக்குக் கரை, பெண்பிள்ளைகளுக்குக் கைப்பை, குழந்தைகளுக்கு வெயில் தொப்பி. ஆனால் எந்த வீட்டிலும் ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக எதுவும் இருக்காது. மாசி பிறந்தால் அவர் ஒரு துணிப்பையோடு, லைன் என்று நாங்கள் சொல்லும் அந்த வீட்டு வரிசையின் முதல் வீட்டிலிருந்து புறப்படுவார். போன வருடம் கொடுத்ததையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பிரித்துவிடுவார். பிரித்த நூலைத் துவைத்து, உருண்டையாகச் சுற்றி, பங்குனி வெயில் ஏறுவதற்குள் வேறு யாருக்கோ வேறு எதையோ பின்னிக் கொடுத்துவிடுவார்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமாங்க பெரியம்மா?" என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பார்கள்.

"குடுத்தேன்னு யாரு சொன்னது? போட்டுக்கச் சொன்னேன். போட்டுக்கிட்டீங்கல்ல? கொண்டாங்க."

லைனில் சின்னவர்கள் பெரியவர்கள் எல்லோருக்கும் அவர் பெரியம்மாதான். உயரமானவர், ஒல்லி. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. ஊரையெல்லாம் கலர் கலராகப் போட்டுக்கொள்ளச் சொன்னவர், தான் மட்டும் வெளுத்துப்போன சேலைதான் கட்டுவார். இடது ஆட்காட்டி விரலில் நூல் ஓடி ஓடி ஒரு கோடு பதிந்திருந்தது. பின்னும்போது கையைப் பார்க்கவே மாட்டார். எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவரின் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குப் பழகவே இல்லை. என்னைப் பார்க்கிறாரா, என் வீட்டில் இருக்கும் அவருடைய பானை மூடியைப் பற்றி யோசிக்கிறாரா என்று தெரியாது.

கம்பளி நூலைத் தொடமாட்டார். "இந்த ஊரு வெயிலுக்குக் கம்பளியா? பிள்ளைங்களை வேகவைக்கவா?" என்பார். பருத்தி நூல்தான். பள்ளிபாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் அவருடைய தம்பி வேலையாக இருந்தார். நூல் சுற்றிவரும் கோனில் மிஞ்சியதை எப்போதாவது ஒரு பையில் கொண்டுவந்து தருவார். எலுமிச்சை, கிளிப்பச்சை, ரோஸ், கத்திரிப்பூ. புதிதாக வருவது கொஞ்சம். பழையதுதான் சுற்றிச் சுற்றி வந்தது. அதனால் எந்த நிறம் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். என் ரேடியோ உறையின் பச்சை மறுவருடம் கடைசி வீட்டுப் பெண்ணின் கைப்பையில் ஓரமாக ஓடியது. "அது எங்க வீட்டுப் பச்சை" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அவர் வீட்டுக்காரர் ஃபிட்டர். அதிகம் பேசாத மனிதர். அவருடைய சாப்பாட்டுப் பையும் கண்ணாடி உறையும்கூட மாசியில் போய்விடும். புதுசு வரும்வரை டிபன் பாக்ஸைப் பழைய பேப்பரில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். வழியில் யாராவது பார்த்துச் சிரித்தால், "மாசி" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நடப்பார்.

சேலத்தில் கட்டிக்கொடுத்த பெண்கள் இரண்டு பேர். மூத்தவள் ஒருமுறை வந்திருந்தபோது, கல்யாணத்துக்கு அம்மா பின்னித் தந்த தலை முக்காட்டையும் மறுவருடமே வாங்கிப் பிரித்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாள். "எங்கம்மா என்னை மட்டுந்தாங்க இன்னும் திருப்பிக் கேக்கல" என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்காமல் ஊசியை ஓட்டிக்கொண்டே, "உன்னைப் பிரிச்சா நூலா வரும்?" என்று கேட்டார்.

ஆபீசர் வீட்டம்மாவோடு நடந்ததை அந்தப் பக்கம் ரொம்ப நாள் பேசினார்கள். அவர்கள் வீட்டு வட்ட மேஜைக்கு ஒரு விரிப்பு பின்னிக் கொடுத்திருந்தார். நடுவில் ரோஸ் பூ, சுற்றிலும் பச்சை, ஓரத்தில் வெள்ளை. அந்த அம்மாளுக்கு அதைத் திருப்பித்தர மனமில்லை. "எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, குடுத்துடறேன்" என்றார்கள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தார். பூச்சாடியைத் தூக்கித் தரையில் வைத்தார். விரிப்பின் ஓரத்தைத் தடவிக் கடைசி முடிச்சைக் கண்டுபிடித்தார். பல்லால் கடித்து அறுத்தார். இழுக்க ஆரம்பித்தார். வந்திருந்த விருந்தாளிகள் காபி குடித்துக்கொண்டே பார்த்தார்களாம், மேஜையின் மேல் பூ ஒவ்வொரு இதழாகக் காணாமல் போவதை. கடைசியில் வெறும் மேஜை. உருண்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு, "காபி நல்லாருக்குங்களா?" என்று விருந்தாளிகளைக் கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

குரோஷா பின்னலில் அது ஒன்று. எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கடைசி முடிச்சு ஒன்றுதான். அது போனால் முழுவதும் போய்விடும். எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார். சங்கிலிப் பின்னல்வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை.

ஏன் இப்படி என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் சின்ன வயதில் சேலத்தில் கன்னியர் மடத்தில் விடப்பட்டு வளர்ந்தவர். அங்கேதான் ஊசி பிடிக்கப் பழகினார். நூல் மடத்து நூல். ஒரு வருடம் பிள்ளைகள் பின்னிப் பழகியதையெல்லாம் வருடக் கடைசியில் பிரித்து, அடுத்து வருகிற பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களாம்.

"அப்ப நீங்க பின்னினது எதுவும் உங்ககிட்ட இல்லீங்களா?"

"எதுக்கு? பெட்டியில வெச்சா பூச்சிதான் போட்டுக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்குப் பிறகு பலமுறை சந்தேகம் வந்திருக்கிறது. அப்போது அப்படித் தெரியவில்லை.

நான் நாமக்கல் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து கல்யாணமாகி மேட்டூர் வந்தவள். சேலத்தில் காலேஜ் படித்திருந்தேன். படித்தவள் என்பதால் எனக்கு எல்லாவற்றுக்கும் இரண்டு பதில் தோன்றும். எதையும் முடிவு செய்ய வராது. என் பையன் பிறந்தபோது என் மாமியார் வந்து எங்களோடு தங்கினார். எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்கு முதலில் புதுத்துணி போடமாட்டார்கள். நன்றாக வளர்ந்து நடக்கிற ஒரு பிள்ளையின் பழைய சட்டையைக் கேட்டு வாங்கிப் போடுவார்கள். அந்தப் பிள்ளை மாதிரியே இதுவும் நிலைக்கட்டும் என்று. பெரியம்மா கொண்டுவந்த முதல் தொப்பியை அத்தை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது புது நூலுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. எல்லாம் லைன் பிள்ளைங்க போட்டுக் கழட்டினது."

"அப்படீன்னா நல்லதுங்க. எத்தனை தலையில இருந்து வந்திருக்குது. எஞ்சாமி நல்லா இருப்பான்" என்று அவரே குழந்தைக்குப் போட்டுவிட்டார்.

அந்த வார்த்தை எனக்கும் பிடித்திருந்தது. நூல் எத்தனை பிள்ளைகளின் தலையில் இருந்து வந்திருக்கிறது!

அந்த வருடம்தான் பெரியம்மாவின் தம்பி ஒரு மஞ்சளைக் கொண்டுவந்தார். மாம்பழம் நன்றாகப் பழுத்து, இன்று சாப்பிடாவிட்டால் நாளை கெட்டுவிடும் என்கிற நிலையில் இருக்குமே, அந்த மஞ்சள். அதே சாயம் மறுபடி அப்படி விழவில்லை என்று தம்பி சொன்னாராம். அதில் ஒரே ஒரு தொப்பிதான் பின்ன முடிந்தது. அது எங்களுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த கமலாவின் மகள் சுதாவுக்குப் போயிற்று. கமலா வாழப்பாடிக்காரர். என்னைவிடக் கொஞ்சம் பெரியவர். சுதா ஒரே பெண், மூன்று வயது. காலையில் தொப்பியைப் போட்டால் தூங்கும்வரை கழற்றமாட்டாள். குளிக்கும்போதும் அழுவாள். வெயிலில் லைன் முழுக்க அந்த மஞ்சள் ஓடிக்கொண்டே இருக்கும். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் சுதாவைத் தெரியாது, தொப்பிதான் தெரியும்.

சித்திரையில் சுதாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது கமலா வண்டியின் பின்சீட்டில் மடியில் ஒரு போர்வையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கவே மாட்டேன் என்றார். இறங்கினால்தானே எல்லாம் ஆரம்பிக்கும்.

மூன்றாம் நாள் புதைத்த இடத்தில் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பியிருந்தார்கள். பெண்கள் நாங்கள் கமலா வீட்டில் இருந்தோம். சுதாவின் துணிமணி, பொம்மை, செருப்பு எல்லாவற்றையும் ஒரு பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். ஆற்றில் விடுவதற்காக. கமலாவின் கண்ணில் படாமல் எல்லாம் போய்விட வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

அப்போது பெரியம்மா வந்தார். கையில் அந்தத் துணிப்பை. நேராக மூட்டையின் பக்கம் போய் நின்றார்.

"எல்லாத்தையும் கொண்டுபோங்க. சுதா தொப்பியை மட்டும் குடுங்க" என்றார்.

எங்களுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று ஒரு கணம் தெரியவில்லை. கமலாவின் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். "மனுசியா நீங்க? நூலுக்கு வந்து நிக்கிறீங்களே? நூலுக்கு!" என்று கத்தினார். யாரோ பெரியம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார்கள். இன்னொருவர், "இவங்களுக்கெல்லாம் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்குதா?" என்றார். என் அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "வேண்டாமுங்க, போயிருங்க" என்று மெல்லச் சொன்னார். ஒரே சத்தம், தள்ளுமுள்ளு. பெரியம்மா தள்ளத் தள்ளப் பின்னால் போனார். ஆனால் முகத்தில் மாற்றமில்லை. மாசியில் வாசலில் நின்று கேட்கிற அதே முகம்.

அதற்குப் பிறகு லைனில் அவரோடு யாரும் பேசவில்லை. அவருடைய பானை மூடியைச் சிலர் வெளியே எறிந்தார்கள். சிலர் எறியாமல் திருப்பிப்போட்டு வைத்தார்கள். நான் என் வீட்டு மூடியை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தேன், பிறகு எடுத்துப் பானையின் மேலேயே போட்டேன், மறுபடி மடித்து வைத்தேன். அந்தப் பக்கம் போகும்போது அவர் வீட்டுக் கொடியில் நனைந்த நூல் தொங்கும். சுருக்கம் போவதற்காக, ஒவ்வொரு நூல்கட்டின் கீழும் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். காற்றில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்கும். வேறு சத்தம் இருக்காது.

கமலாவிடமும் யாரும் சுதாவைப் பற்றிப் பேசவில்லை. அது வேறு விதம். பேசினால் அழுவார் என்று பயம். அந்தப் பெயர் வராமல் எல்லாவற்றையும் பேசுவோம். என் பையன் அப்போது நடக்கக் கற்றுக்கொண்டிருந்தான். நடை வந்ததும் ஏனோ கமலா வீட்டு கேட்டுக்குத்தான் போவான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் ஓடிப்போய்த் தூக்கி வந்துவிடுவேன். கமலாவுக்கு வலிக்குமே என்று தூக்கினேனா, அந்த வீட்டு வாசலில் இவன் நிற்கக்கூடாது என்று தூக்கினேனா, எனக்கே தெரியாது. கமலா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிடமாட்டார்.

மறுவருடம் மாசியில் பெரியம்மா வழக்கம்போல் துணிப்பையோடு கிளம்பினார். யாரும் பேசவில்லை, ஆனால் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். எறிந்தவர்கள் எறிந்துவிட்டோம் என்றார்கள். "சரி" என்று அடுத்த வீட்டுக்குப் போனார். பங்குனியில் ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு வந்து ஒரு தொப்பியை நீட்டினார்.

"பையனுக்கு. போட்டுக்கச் சொல்லு."

அந்த மஞ்சள்.

பின்னலில் பூ வேறு மாதிரி இருந்தது. ஓரத்தில் பச்சை ஓடியது. ஆனால் மஞ்சள் அதேதான். நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் என்று அவர் போனபிறகுதான் தோன்றியது. நூலில் என்ன இருக்கிறது, மூளைக்காய்ச்சல் கொசுவால் வருவது, நான் படித்திருக்கிறேன். அப்படியும் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து உப்புப் போட்டுத் தொப்பியை அதில் போட்டேன். சாயம் நிற்பதற்காக என்று அத்தையிடம் சொன்னேன். அது சாயம் விடவில்லை. ஒரு துளிகூட இறங்காமல் தண்ணீர் தெளிவாகவே கொதித்தது.

அத்தைக்குத் தெரிய ஒரு நாள்கூட ஆகவில்லை. கொடியில் பார்த்ததுமே நின்றுவிட்டார்.

"அம்மிணி, இது அந்தப் பாப்பாவுதுதானே?"

"இருக்காதுங்க அத்தை. அன்னைக்கே ஆத்துல விட்டாங்களே."

"எனக்குக் கண்ணு இருக்குது. இந்த ஊட்டுல இது வேண்டாம். ஆத்துல கொண்டுபோயி உட்டுரு."

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நூலுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அத்தை சொன்னதும் சரி என்று பட்டது. அவர் சொன்னதும் சரி என்று பட்டது. அதற்குள் பையன் கொடியிலிருந்து தொப்பியை இழுத்து எடுத்துத் தானே தலையில் கவிழ்த்துக்கொண்டான். கழற்றினால் அழுதான். அத்தை கோவிலுக்குப் போகும் நேரத்தில் மட்டும் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டேன். அவன் ஓடும்போது சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். தொப்பிதான் தெரிந்தது. நான் வெளியே ஓடி வந்து அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனேன். அன்று முழுவதும் அப்படியே ஓடி ஓடிப் பார்த்தேன்.

சித்திரை பிறந்து அவனுக்குக் காய்ச்சல் வந்தது.

உடம்பு அடுப்புக் கல் மாதிரி கொதித்தது. மாத்திரை கொடுத்தால் இறங்கி, மறுபடி ஏறியது. கண்ணைத் திறக்கவில்லை. அத்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிப்படத்தின் முன்னால் வைத்துவிட்டு, "அதை வெளியில கொண்டுபோயிரு அம்மிணி" என்று மட்டும் சொன்னார். நான் தொப்பியைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டேன். ஆற்றுக்குப் போகவில்லை. கால் பெரியம்மா வீட்டுக்குப் போயிற்று. உச்சி வெயில். அவர் கதவைத் திறந்துவைத்து உள்ளே தரையில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, தொப்பியைக் கொண்டாந்திருக்கேனுங்க."

"மாசி வந்துடுச்சா?"

"இவனுக்குக் காய்ச்சலுங்க. இறங்கவே மாட்டேங்குது."

"காய்ச்சல்னா தலையில போடாத. வீட்டுல வை."

"வீட்டுல வேண்டாம்னு அத்தை சொல்றாங்க."

"உங்க அத்தை சொல்றாங்க. நீ என்ன சொல்ற?"

தாளைப் பிரித்துக் காட்டினேன். "இது சுதாவோட நூலுங்களா?"

"ஆமா" என்றார். இவ்வளவு நேராகச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை.

"அன்னைக்கு உங்களை அத்தனை பேரும்..."

"கமலா ஒண்ணும் சொல்லலையே. அவ வீட்டுக்காரர் சத்தம் போட்டாரு. நீங்கல்லாம் சத்தம் போட்டீங்க. நீங்க என்னைத் தள்ளுறப்போ அவ மூட்டைக்குள்ள கையை விட்டுத் தொப்பியை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டா. நான் கேக்கலைன்னா அவளுக்கு அது தோணியிருக்குமா? ஆத்தோட போயிருக்கும்."

நூலைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"ஆடிக் காத்துல ஒருநாள் அவளே கொண்டுவந்தா. பிரிக்கணும்னு சொன்னா. முடிச்சை மட்டும் நான் காட்டினேன். இழுத்தது பூரா அவதான். கொஞ்சம் இழுப்பா, நிப்பாட்டுவா, தொப்பியைக் கையில போட்டுப் பாப்பா, மறுபடி இழுப்பா. பொழுது சாயிற வரைக்கும். நான் உருண்டை சுத்தினேன்."

"எம் பையனுக்குன்னு யாருங்க சொன்னது?"

"அவதான்."

தொப்பியை அவர் பக்கத்தில் தரையில் வைத்தேன். "நீங்களே வாங்கிக்கங்க பெரியம்மா. உங்க நூல்தானே? நீங்க எல்லார்கிட்டயும் திருப்பி வாங்குறவங்கதானே?"

அவர் எழுந்தார். தொப்பியை எடுத்துத் தட்டி, என் கையில் வைத்து, என் விரல்களை மடக்கினார். அவர் விரலில் இருந்த அந்தக் கோடு என் கையில் உறுத்தியது.

"மாசிக்கு முந்தி ஒரு தொப்பி என் கைக்கு வந்துச்சு. இன்னொண்ணு வரக்கூடாது. மாசியில வரேன். அவன் தலையில இருந்து நானே கழட்டிக்கிறேன். போ, பிள்ளைகிட்டப் போ."

கதவைச் சாத்திக்கொண்டார். திருப்பித் தர வந்தவரிடம் அவர் வாங்க மறுத்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்குள் கொண்டுபோக முடியவில்லை. ஆற்றுக்கும் போகவில்லை. வெளிக்கொடியில் கிளிப்பு போட்டு மாட்டினேன். வீட்டிலும் இல்லை, ஆற்றிலும் இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மறுநாள் விடிந்தபோது பையனின் காதுக்குப் பின்னால் சிவப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. மத்தியானத்துக்குள் முகம், நெஞ்சு, வயிறு. தட்டம்மை. அத்தை கையெடுத்துக் கும்பிட்டு, "ஆத்தா, நீதானா!" என்று அழுதார். வேப்பிலை பறிக்க ஓடினார். பிள்ளைக்கு அம்மை வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்ட தாய் நானாகத்தான் இருக்கும்.

அம்மை போட்ட வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். கமலா மட்டும் தினமும் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கொடியில் ஆடும் தொப்பியைப் பார்ப்பார். "இறங்கிடுச்சா?" என்பார். "கொஞ்சம் இறங்கியிருக்குதுங்க அக்கா" என்பேன். போய்விடுவார். பையன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த அன்றைக்கு நானே கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனேன்.

"அக்கா, எதுக்குங்க எம் பையனுக்கு?"

அவர் கொடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பெட்டியில வெச்சிருந்தேன். ராத்திரி பகல் அதே நெனப்பு. உள்ள இருட்டா இருக்குமேன்னு. சுதாவுக்கு இருட்டுன்னா ஆகாது." பிறகு, "வெயில்ல ஒரு தலை வேணும்ல?" என்றார்.

அவர் மகளின் பெயரைச் சொல்லி ஒரு வருடத்தில் நான் கேட்டது அன்றுதான். நான் அழுதேன். அவர் அழவில்லை.

அந்த மாசி வரும்வரை நான் நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பெரியம்மா வந்து அவன் தலையிலிருந்து கழற்றிக்கொண்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு எண்ணம். ஆனால் தையிலேயே அவர் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. சாமான் ஏற்றிய லாரிக்குப் பக்கத்தில் அவர் நூல் சாக்கைத் தைத்துக்கொண்டு நின்றார். வழியனுப்ப வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நான் பையனைத் தூக்கிக்கொண்டு போனேன். அதற்குள் சிறிதாகிப்போன தொப்பி அவன் தலையில் இருந்தது. அதற்காகவே போட்டுக் கொண்டுபோனேன்.

அவர் பார்த்தார். "மாசி வரலையே" என்றார்.

"நீங்க அப்ப இங்க இருக்கமாட்டீங்களேங்க."

"பஸ் இல்லையா? வரேன்."

அவர் வரவில்லை. மாசி பிறப்பதற்கு முன்பே சேலத்திலிருந்து செய்தி வந்தது. மாரடைப்பு. கமலாவும் நானும் பஸ்ஸில் போனோம். அத்தை ஊருக்குப் போயிருந்ததால் பையனையும் தூக்கிக்கொண்டு போனோம். பெட்டியில் அவருக்கு வெளுத்த சேலைதான் கட்டியிருந்தார்கள். கையில் ஜெபமாலை. அந்த வீட்டில் தண்ணீர்ப் பானையைத் தட்டு போட்டு மூடியிருந்தார்கள். ரேடியோ மொட்டையாக இருந்தது. மூத்த மகள் எங்களைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எங்கம்மா ஒரு கைக்குட்டைகூட விட்டு வைக்கலீங்க. பீரோவைத் திறந்தா எல்லாம் உருண்டை. எல்லாம் வெறும் உருண்டை."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். நான் நின்றேன். கமலாவுக்கு இடம் கிடைத்தது. பையனைக் கொடு என்று கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் மடியில் அவன் தூங்கிப்போனான். கமலா மேட்டூர் வரும்வரை அசையவில்லை. நான் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்த மாசியில் ஒரு காலை கேட் சத்தம் கேட்டது. கமலா நின்றார். கையில் பை எதுவும் இல்லை.

"தொப்பி இருக்கா?"

எடுத்து வந்து கொடுத்தேன். "தம்பியைக் கூப்பிடு" என்றார். அவன் வந்தான். அவன் தலையில் தொப்பியை வைத்தார். அது உச்சியில் மூடி மாதிரி உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் பிடித்துக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். குரோஷா பின்னல் இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும். அப்படியும் காதுவரை வரவில்லை.

"பத்தல" என்று அவன் சிரித்தான்.

"பத்தல" என்றார் கமலாவும். அவன் தலையிலிருந்து அவரே கழற்றினார். பிரிக்கக் கேட்பாரோ என்று நினைத்தேன். கடைசி முடிச்சு எங்கே என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "உள்ள வை. அடுத்த மாசிக்கு வரேன்" என்று போனார்.

இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். எனக்கு இரண்டாவதாக ஒரு பெண் பிறந்திருக்கிறாள். அவளுக்கு அந்தத் தொப்பியைப் போடவில்லை. போடலாமா என்று நினைப்பேன், வேண்டாம் என்று நினைப்பேன். வெயில் படட்டும் என்று வாரம் ஒருமுறை கொடியில் போடுகிறேன். கமலாவுக்கு அப்புறம் குழந்தை இல்லை. மாசி பிறந்தால் வந்துவிடுகிறார். பையன் பழகிப்போய்த் தானே வந்து தலையைக் குனிந்து நிற்கிறான். அவர் வைத்துப் பார்க்கிறார், இழுத்துப் பார்க்கிறார். அவர் கை அவன் தலையிலிருந்து எடுபடும்வரை நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இந்த வருடமும் பத்தவில்லை.